காருக்கு எந்த கேஸ் அடிப்பது?

2012ஆம் ஆண்டு, ஜெர்மனியின் சிண்டெல்ஃபிங்கன் நகரம். மெர்சிடிஸ் கார்களைத் தயாரிக்கும் டெய்ம்லர் நிறுவனத்தின் பொறியாளர்கள் பி-கிளாஸ் கார் ஒன்றை ஓட்டி எஞ்சினை நன்றாகச் சூடேற்றினார்கள். நேருக்கு நேர் மோதி ஏசி குழாய் உடைந்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். ஏசிக்குள் ஓடும் கேஸையும் கம்ப்ரஸர் ஆயிலையும் சேர்த்துக் கொதிக்கும் எஞ்சின் மீது பீய்ச்சிவிட்டார்கள். குப்பென்று பற்றியது. எரிந்த கேஸிலிருந்து கிளம்பிய ஹைட்ரஜன் ஃப்ளோரைடு முன்கண்ணாடியை அரித்து வெளுக்கவைத்துவிட்டது. கண்ணாடியையே தின்கிற புகை மூச்சில் போனால் என்ன செய்யும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த கேஸின் பெயர் ஆர்-1234ஒய்எஃப். ஹனிவெல், டூபான்ட் என்ற இரண்டு பெரிய ரசாயன நிறுவனங்கள் சேர்ந்து, ‘பூமியைச் சூடாக்காத ஏசி கேஸ்’ என்று கொண்டுவந்தது. உலகமே அதற்கு மாறத் தயாராகிக்கொண்டிருந்தபோதுதான், செப்டம்பர் மாதம் டெய்ம்லர் தன் சோதனை முடிவை வெளியே சொன்னது. சோதனை நிஜத்துக்கு ஒத்துவராதது என்று போட்டி நிறுவனங்கள் சில மறுத்தன. டெய்ம்லர் அசையவில்லை, பழைய கேஸையே போட்டு விற்றது. 2013 கோடையில் பிரான்ஸ் அந்தக் கார்களைப் பதிவு செய்ய மறுத்தது. பிரான்ஸின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. பழைய கேஸோடு அந்தக் கார்களை அனுமதித்து ஜெர்மனி ஐரோப்பிய விதியை மீறியதாக ஐரோப்பிய நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. வழக்கு போகட்டும். அந்தத் தீயிலிருந்து பிறந்த கேள்விதான் நமக்கு வேண்டியது: ஃப்ளோரின் கலந்த ரசாயனமே இல்லாமல் ஒரு காரைக் குளிர்விக்க முடியாதா?

முடியும். எந்த ஊரில், எந்த மாதிரிக் காரில் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

முதலில் நம் காரைப் பார்ப்போம். பானெட்டைத் திறந்தால் உள்பக்கம் எங்காவது ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். சாலையில் ஓடும் பெரும்பாலான கார்களில் ஆர்-134ஏ என்றும், பக்கத்தில் அரை கிலோவுக்கு முன்பின்னாக ஓர் எடையும் அச்சிட்டிருப்பார்கள். மெக்கானிக் ‘கேஸ் இறங்கிடுச்சு, அடிக்கணும்’ என்று சொல்வது இதைத்தான். நூறு ஆண்டுக் கணக்கில் இது ஒரு கிலோ வெளியே போனால், 1,430 கிலோ கரியமில வாயு விட்ட அளவுக்குப் பூமி சூடாகும். அரை கிலோ என்றால் 715 கிலோ. சுமார் 310 லிட்டர் பெட்ரோலை எரித்தால் வரும் கரியமில வாயுவுக்கு அது சமம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்தால், சென்னையிலிருந்து டெல்லிக்குப் போய்த் திரும்பிவரப் போதுமான பெட்ரோல். ரெக்கவரி மெஷின் இல்லாத கடையில் வால்வைத் திறந்து ‘புஸ்’ஸென்று வெளியே விடுவதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

இந்த கேஸுக்கும் ஒரு முன்னோர் உண்டு. ஆரம்பகால ஃப்ரிட்ஜ்களில் அமோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு, மீத்தைல் குளோரைடு ஓடின. கசிந்தால் ஆளையே கொல்லும். பெர்லினில் ஒரு குடும்பம் அப்படி இறந்த செய்தியைப் படித்துவிட்டுத்தான் ஐன்ஸ்டைனும் சிலார்டும் சேர்ந்து, கசிய வாய்ப்பில்லாத ஃப்ரிட்ஜ் ஒன்றை வடிவமைக்கவே உட்கார்ந்தார்கள். அது கடைக்கு வரவில்லை. ஜெனரல் மோட்டார்ஸுக்காக வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி வேறு வழியில் போய், ஃப்ளோரினும் குளோரினும் கலந்த புதிய கேஸைக் கண்டுபிடித்தார். 1930இல் மேடையேறி, அதை மூச்சில் இழுத்து மெழுகுவர்த்தியின் மீது ஊதி அணைத்துக் காட்டினார். விஷமும் இல்லை, எரியவும் எரியாது என்பதற்கு நிரூபணம். (பெட்ரோலில் ஈயம் கலந்தவரும் இவரே. ஒரே மனிதர் காற்றுக்கு இத்தனை செய்திருக்கிறார்.) அந்த ஆர்-12 ஓசோனைத் தின்றது. 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு குளோரினை நீக்கிவிட்டு ஆர்-134ஏ வந்தது. அது பூமியைச் சூடாக்கியது. காற்றில் சில நாட்களிலேயே சிதைந்துவிடும் ஆர்-1234ஒய்எஃப் மூன்றாவதாக வந்தது. சிதைந்து எங்கே போகிறது என்று பார்த்தால், ஏறக்குறைய முழுவதும் டிரைஃப்ளோரோ அசிட்டிக் அமிலமாக மாறி மழையோடு இறங்குகிறது. நிலத்தடி நீரில் சேர்ந்தால் அழிவதில்லை. சாதாரணச் சுத்திகரிப்புக்கும் மசிவதில்லை. அழியாத ஃப்ளோரின் ரசாயனங்களுக்கு மொத்தமாகத் தடை கேட்டு 2023இல் ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், ஸ்வீடன், நார்வே ஆகிய ஐந்து நாடுகள் கொடுத்த திட்டத்தின் வரையறைக்குள் இந்த கேஸும் வருகிறது. ஒரே குடும்பத்தில் மூன்று முறை பெண் எடுத்து, மூன்று முறையும் பஞ்சாயத்து.

குடும்பத்துக்கு வெளியே இருப்பவை இயற்கையிலேயே கிடைக்கும் வாயுக்கள். அமோனியாவைக் காருக்குள் யாரும் வைக்கப்போவதில்லை. மீதி இரண்டு: கரியமில வாயு, புரொப்பேன்.

டெய்ம்லர் கரியமில வாயுவின் பக்கம் போனது. ஏசி உலகில் அதன் பெயர் ஆர்-744. அது ஒன்றும் புதிய சரக்கல்ல. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கப்பல்களின் குளிர்கிடங்குகளில் ஓடியதுதான். மறந்துபோன அதை 1980களின் இறுதியில் நார்வேயின் டிரான்ட்ஹெய்ம் நகரில் குஸ்தாவ் லோரன்ட்சன் என்ற பேராசிரியர் தூசி தட்டி எடுத்து, கார் ஏசிக்குப் பொருந்தும் என்று காட்டினார். பூமியைச் சூடாக்கும் கணக்கில் இதன் எண் 1. எரியாது, மலிவு, எந்த நிறுவனமும் இதற்குக் காப்புரிமை கேட்க முடியாது. 2016இலிருந்து மெர்சிடிஸ் தன் உயர்ரகக் கார்களில் இதைக் கொண்டுவந்தது. பிறகு ஃபோக்ஸ்வாகனின் ஐடி வரிசை மின்சாரக் கார்களில், ஹீட் பம்ப் வேண்டும் என்று கேட்டு வாங்குபவர்களுக்கு இந்த கேஸ் வந்தது.

ஹீட் பம்ப் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஏசியைத் திருப்பி ஓட்டினால் ஹீட்டர். பெட்ரோல் காரில் எஞ்சின் சூடு சும்மா கிடைக்கும். மின்சாரக் காரில் எஞ்சினே கிடையாது. ஜனவரியில் பெர்லினில் காருக்குள் குளிர் போக வேண்டுமென்றால் பேட்டரியிலிருந்துதான் எடுக்க வேண்டும், அதனால் ஓடும் தூரம் குறையும். உறைபனிக் காற்றிலிருந்தும் சூட்டை உறிஞ்சி உள்ளே தருவதில் கரியமில வாயுவுக்கு இணை குறைவு. அந்த ஊருக்கு அது சரியான கேஸ்.

நம் ஊரில் கதை வேறு. எந்த ஏசியிலும் கேஸ் இரண்டு வேலை செய்கிறது: டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் கொதித்து ஆவியாகி உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துக்கொள்கிறது, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்ஸரில் அந்தச் சூட்டை வெளியே விட்டு மறுபடி திரவமாகிறது. கரியமில வாயுவுக்கு 31 டிகிரி செல்சியஸ் ஒரு எல்லைக்கோடு. அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகாது. மே மாதம் வேலூரில் வெளிக்காற்றே 40 டிகிரி. அப்போது கண்டென்ஸர் கண்டென்ஸராக இருக்காது. கனத்த வாயுவைக் கொஞ்சம் ஆறவைத்து அனுப்பும், அவ்வளவுதான். ஏசி ஓடும், ஆனால் கம்ப்ரஸர் கூடுதல் சக்தி இழுக்கும். துணை உறுப்புகள் சேர்த்து இந்த இழப்பைக் குறைக்கலாம். அதற்கேற்ப விலை ஏறும்.

அழுத்தமும் வேறு ரகம். நம் மெக்கானிக்கின் கேஜில் கோடைகாலத்தில் 250 பிஎஸ்ஐ காட்டினால் ஹை சைடு ஓகே என்பார். கரியமில வாயு ஏசியில் அந்த முள் 1,900 வரைக்கும் போகும். சிஎன்ஜி ஆட்டோவின் சிலிண்டரில் 2,900 பிஎஸ்ஐ இருக்கிறதே என்று கேட்கலாம். அது அசையாத கெட்டி எஃகு. ஏசியில் அதிர்ந்துகொண்டே ஓடும் கம்ப்ரஸர், வளையும் ஹோஸ், ரப்பர் ஓ-ரிங் எல்லாம் அந்த அழுத்தத்தைப் பல வருஷம் தாங்க வேண்டும். நம் கடைகளில் இருக்கும் ஒரு கருவிகூட அதற்கு உதவாது.

ஆகவே வெயில் ஊருக்கு மிச்சம் புரொப்பேன். ஆர்-290. குளிர்விப்பதில் கெட்டிக்கார வாயு. 96 டிகிரி வரை திரவமாகும் என்பதால் நம் கோடை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அழுத்தம் இப்போதைய கேஸைவிடக் கொஞ்சம்தான் அதிகம். எடையில் பாதியளவு போட்டாலே போதும். வீட்டுக்குள் இதன் சொந்தக்காரர் ஏற்கெனவே வந்துவிட்டார்: ஃப்ரிட்ஜின் பின்பக்கம் தீ அடையாள முக்கோணத்தோடு ஆர்-600ஏ என்று ஒட்டியிருந்தால் அது ஐசோபியூட்டேன். 1990களின் தொடக்கத்தில் கிரீன்பீஸ் அமைப்பும் பழைய கிழக்கு ஜெர்மனியின் நொடித்துக்கிடந்த ஃப்ரிட்ஜ் தொழிற்சாலை ஒன்றும் சேர்ந்து தொடங்கிவைத்த வழி அது. இந்தியாவில் கோத்ரெஜ் 2012லேயே புரொப்பேன் ஸ்ப்ளிட் ஏசியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

எரியுமே என்பீர்கள். எரியும். ‘டேங்கில் முப்பது கிலோ பெட்ரோலோடு போகிறீர்கள், கால் கிலோ புரொப்பேனுக்கா பயம்?’ என்று அதன் ஆதரவாளர்கள் கேட்பதுண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பெட்ரோல் டேங்க் வெளியே இருக்கிறது. கூலிங் காயில் நம் முழங்காலுக்கு முன்னால் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 250 கிராம் புரொப்பேன் வாயுவாக விரிந்தால் சுமார் 140 லிட்டர். சின்ன காரின் உள்ளிடம் 3,000 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், முழுவதும் உள்ளே கசிந்தால் கிட்டத்தட்ட ஐந்து சதவீதம். காற்றில் 2.1லிருந்து 9.5 சதவீதம் வரை புரொப்பேன் இருந்தால் ஒரு தீப்பொறி போதும். கணக்கு நடுவில் போய் நிற்கிறது. ஆகவே, ஓடுகிற காரில் இருக்கும் கேஸை எடுத்துவிட்டு இதை அடிப்பது சரியல்ல என்பது என் கட்சி. ஆஸ்திரேலியாவில் 1990களிலிருந்தே அப்படிச் செய்கிறார்கள். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் துறை அதை அனுமதிப்பதில்லை. நம் ஊரில் சமையல் சிலிண்டரிலிருந்தே கார் ஏசிக்கு ஏற்றுகிற கைகாரர்களும் உண்டு. அதில் வாசனைக்காகச் சேர்த்த கந்தகமும் ஈரமும் கலந்திருக்கும். கம்ப்ரஸரும் போகும், ஆபத்தும் வரும்.

கேஸை பானெட்டுக்குள்ளேயே நிறுத்திவிடுவதுதான் வழி. புரொப்பேன் உள்ளே வராது. முன்பக்கத்தில் ஒரு சின்ன அடைப்பில் ஓடி, கூலன்டைக் குளிரவைக்கும். டேஷ்போர்டுக்குள் வருவது அந்தச் சில்லென்ற கூலன்ட் மட்டும். கசிந்தால் தரை விரிப்பு நனையும். இடையில் ஒரு கைமாற்றம் இருப்பதால் கொஞ்சம் திறன் குறையும்தான். ஆனால் டாடா மோட்டார்ஸும் மாலே என்ற உதிரிபாக நிறுவனமும் சேர்ந்து டாடா ஆரியா காரில் 2010களின் நடுப்பகுதியில் இந்த இரட்டைச் சுற்று முறையைச் சோதித்தபோது வேறொரு லாபம் தெரிந்தது. பிரேக் பிடித்து வேகம் குறையும் நேரத்தில் கம்ப்ரஸரை ஓட்டி கூலன்டில் குளிர்ச்சியைச் சேர்த்துவைத்துக்கொண்டு, சிக்னலில் நிற்கும்போது செலவழிக்கலாம். அதில் போட்டது ஆர்-152ஏ என்ற வேறு கேஸ். அது இயற்கை வாயுவல்ல, ஆனால் அதுவும் எரியும். வடிவமைப்பு புரொப்பேனுக்கும் பொருந்தும்.

மின்சாரக் கார் வந்ததும் இது இன்னும் சுலபமாகிவிட்டது. பேட்டரியைக் குளிர்விக்க ஒரு கூலன்ட் சுற்று பல கார்களில் ஏற்கெனவே இருக்கிறது; அதையே கொஞ்சம் நீட்டினால் போதும். பெட்ரோல் காரின் கம்ப்ரஸர் பெல்ட்டில் சுழலுவதால் அதன் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வருஷா வருஷம் கேஸ் இறங்குவதற்கு அந்தத் தண்டின் சீலும் ஒரு காரணம். மின்சார கம்ப்ரஸரில் மோட்டாரும் உள்ளேயே அடைத்து மூடியிருப்பதால் அந்த ஓட்டை இல்லை. கொதிக்கும் எக்ஸாஸ்ட் குழாயும் இல்லை. சிண்டெல்ஃபிங்கனில் தீப்பிடித்ததே அந்தச் சூட்டில்தான்.

நாள் அதிகமில்லை. 2016இல் கிகாலியில் எட்டிய உடன்பாட்டை இந்தியா 2021இல் ஏற்றது. அதன்படி ஆர்-134ஏ போன்ற கேஸ்களின் உற்பத்தியும் பயன்பாடும் 2028லிருந்து கூடக் கூடாது. 2032லிருந்து படிப்படியாகக் குறைய வேண்டும். ஐரோப்பாவில் 2017 முதல் எந்தப் புதுக் காரிலும் ஆர்-134ஏ கூடாது. இங்கே தயாராகி அங்கே போகும் காருக்கும் அதே சட்டம். ஏற்றுமதிக்கு ஏற்கெனவே ஆர்-1234ஒய்எஃப் போடுகிறோம், உள்ளூருக்கும் அதையே போட்டால் என்ன என்று நிறுவனங்கள் நினைப்பது இயல்பு. பழைய கேஸைவிடப் பல மடங்கு விலை. ஸ்டிக்கரில் அந்தப் பெயர் இருக்கும் காருக்குள், விலைக்குப் பயந்து பழைய கேஸையே அடித்துத் தரச் சொல்லும் ஓனர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எந்த ஏசி கடையிலும் கேட்டுப் பார்க்கலாம். விலை ஏறினால் போலியும் வரும். 2011இல் ஆர்-134ஏ என்ற பெயரில் மீத்தைல் குளோரைடு கலந்து அடித்த குளிர்சாதனக் கன்டெய்னர்கள் வெடித்துத் தொழிலாளர்கள் இறந்திருக்கிறார்கள். மிட்ஜ்லி விரட்டிய அதே விஷம்.

புரொப்பேனுக்கு மாறுவதென்றால் கடைகளும் மாற வேண்டும்: எரிவாயு கசிவைக் கண்டுபிடிக்கும் சென்சார், தீப்பொறி வராத வேக்கம் பம்ப், காற்றோட்டமுள்ள பே, பக்கத்தில் பீடி பற்றவைக்காத பழக்கம், முறையான பயிற்சிச் சான்று. வீட்டு ஃப்ரிட்ஜ் பழுது பார்ப்பவர்களில் பலர் இதையெல்லாம் கற்றுக்கொண்டாயிற்று. இப்போது ஓடும் காருக்கு அந்தக் கவலையே வேண்டாம். ஸ்டிக்கரில் என்ன போட்டிருக்கிறதோ அதையே அடியுங்கள். வருஷா வருஷம் கேஸ் இறங்கினால் டாப்-அப்புக்குப் பதில் லீக்கைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பழைய கேஸை ரெக்கவரி மெஷினில் எடுக்கும் கடையாகப் பார்த்து வண்டியை விடுங்கள். கூலி சில நூறு ரூபாய் கூடலாம்.