கூரை போடத் தடை

ஸ்காட்லாந்து என்றதும் சுற்றுலா நாள்காட்டிகளில் வந்து நிற்பது ஐலன் டோனன் கோட்டை: சிறு தீவு, கல்பாலம், பின்னால் மலை. அந்தப் பாலமே 20ஆம் நூற்றாண்டில் கட்டியது. 1719ல் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் குண்டு வீசித் தகர்த்த கோட்டை, ஏறத்தாழ 200 ஆண்டுகள் குட்டிச்சுவராகக் கிடந்து, 1932ல்தான் மறுபடி எழுந்து முடிந்தது. நாம் ரசிப்பது பெரும்பாலும் நம் தாத்தா காலத்துக் கட்டடம்.

அதே மேற்குக் கரையில், மொய்டார்ட் கடற்கழியில் ஒரு சிறு தீவில் இருக்கும் டியோரம் கோட்டைக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. இது கிளான்ரனால்ட் குலத்தலைவர்களின் இருப்பிடமாக இருந்தது. 1715ல், ஸ்டூவர்ட் வம்சத்தை மீண்டும் அரியணை ஏற்ற எழுந்த ஜாக்கோபைட் கிளர்ச்சிக்குப் படை திரட்டிக் கிளம்பிய தலைவர் ஆலன், எதிரி கையில் சிக்கக் கூடாதென்று தன் கோட்டைக்குத் தானே தீ வைக்கச் சொன்னார். அதே ஆண்டு நவம்பரில் ஷெரிஃப்மூர் போரில் அவர் உயிரும் போனது. கோட்டை கூரையின்றி நின்றுவிட்டது.

1997ல் இதை வாங்கிய தொழிலதிபர், சொந்தச் செலவில் கூரை போட்டுக் குடியிருக்கத் தக்கதாக்க விரும்பினார். தொல்சின்னத் துறை மறுத்தது. பொது விசாரணைக்குப் பிறகும் முடிவு மாறவில்லை. சொந்தக் கோட்டைக்குக் கூரை போட முடியாதா?

முடியாது. டியோரம், 1979ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டப்படி பட்டியலில் ஏறிய சின்னம். இடிப்பது மட்டுமல்ல, அனுமதியின்றிப் பழுதுபார்ப்பதும் புதிதாகச் சேர்ப்பதும் குற்றம். சிதைந்த சுவர் ஒரு சாட்சி, அதன்மேல் அனுமானத்தைப் பூசினால் சாட்சியம் கெட்டுவிடும் என்பது இதன் பின்னுள்ள எண்ணம். 1877ல் வில்லியம் மோரிஸ் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து பிரிட்டனில் ஓங்கி ஒலிக்கும் வாதம் இது.

வாதம் சரிதான். ஆனால் சட்டத்தில் ஓர் ஓட்டை: தொடாதே என்று சொல்லும் அது, பராமரிக்க வேண்டும் என்று உரிமையாளரைக் கட்டாயப்படுத்துவதில்லை. இந்த இழுபறி நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, 2000ல், டியோரத்தின் மதிலில் ஒரு பகுதி சரிந்தது. கூரை வேண்டாம் என்று சொன்ன அரசு, சுவருக்கான பொறுப்பையும் சேர்த்தே எடுத்திருக்க வேண்டும்.

கல் விழும் அபாயம் இருப்பதால் உள்ளே போகக் கூடாது. வெளியே நின்று பார்க்கலாம். கெய்லிக்கில் டியோரம் என்றால் 'உலர்ந்தது'. கடல் வற்றும்போது தீவுக்கு நடந்தே போய்விடலாம், ஏறிவிட்டால் முடியாது. போகிறவர்கள் ஓத நேரம் பார்த்துக்கொண்டு போங்கள்.