மன்னார்க் கரையும் நோயாளர் பணிவிடையும்

மருத்துவம் என்றவுடன் மருந்துப் போத்தலும் மருத்துவரும் நம் நினைவில் எழுதல் இயல்பு. ஆயினும் மருத்துவர் நோயாளனைப் பார்வையிடும் நேரம் ஒரு நாளிற் சில நிமிடங்களே. எஞ்சிய நேரமெல்லாம் அவன் வாய்க்கு நீர் விடவும், அவனைப் புரட்டிக் கிடத்தவும், மலசலம் அகற்றவும், இரவில் அஞ்சி விழிக்கும்போது அருகிருந்து ஒரு சொற் சொல்லவும் வேறொருவர் வேண்டும். வள்ளுவனார் இதனை நன்கறிந்தவர். மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயாளன், மருத்துவன், மருந்து என்பவற்றோடு அருகிருந்து பணி செய்வானையும் சமமாக நிறுத்தினார். அப்பணியாளனுக்கு வேண்டிய குணங்கள் நோயாளனிடத்து அன்பு, மனமொழிமெய்களின் தூய்மை, சொன்னதைச் சொன்னவாறு செய்யும் ஆற்றல், அறிவு என்னும் நான்கு எனப் பரிமேலழகர் விரிப்பர். இக்காலத் தாதியர் கல்லூரி ஒன்றின் வாயிலில் இந்நான்கையும் எழுதி வைப்பினும் குற்றமில்லை.

தாதிமை பற்றிய நூல்கள் பலவும் மேல்நாட்டு வைத்தியசாலைகளையே எடுத்துக்காட்டாகக் கொள்வன. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நமக்கு அண்மையிலுள்ள மன்னார்த் தீவும் அதனையடுத்த கரையும் ஏறத்தாழ இரு நூற்றாண்டுக் காலமாக வலியற்ற மனிதர் வந்திறங்கும் துறையாகவும், அடைக்கலம் புகும் இடமாகவும், ஏறிச் செல்லும் துறையாகவும் இருந்துள்ளன. மனித உடலுக்கு எவை இன்றியமையாதன என்பதை அக்கரையின் வரலாறு காட்டுவதுபோல எந்தப் பாடநூலும் காட்டுவதில்லை என்பது என் கருத்து.

1830 ஆம் ஆண்டுகளிற் கண்டிச் சீமையிற் கோப்பித் தோட்டங்கள் பெருகத் தொடங்கின. அவற்றில் உழைக்கத் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து ஆண்களும், பின்னர்ப் பெண்களும் குழந்தைகளும், கங்காணிமாரின் பின்னே தோணியேறித் தலைமன்னாரிலும் அதனையடுத்த துறைகளிலும் வந்திறங்கினர். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் தூரம் கால்நடைப் பயணம். வழியெங்கும் வறண்ட காடு. குளங்கள் பல தூர்ந்து கிடந்தன. நீர் கிடைத்த இடத்தில் முன்சென்ற கூட்டத்தார் அதனை அசுத்தம் செய்து போயிருப்பர். ஊரிற் பஞ்சத்தால் மெலிந்த உடல், கடற்பயணத்தின் களைப்பு, கையிற் சிறிது அரிசி. இந்நிலையில் வாந்திபேதியோ அம்மையோ மலைக்காய்ச்சலோ பற்றினால் என்ன நிகழும்? நடக்க இயலாதவனை விட்டுக் கூட்டம் நகர்ந்துவிடும். நின்றால் எல்லோருக்கும் உணவு தீரும்.

அவ்வழியில் மாண்டோர் தொகை பற்றி இன்றும் வாதம் ஓயவில்லை. 1841 முதல் 1848 வரை எழுபதினாயிரம் பேர் மடிந்தனர் எனக் கொழும்புப் பத்திரிகை ஒன்று 1849 இல் எழுதிற்று. அத்தொகையில் ஊர் திரும்பியோரும் சேர்ந்துவிட்டனர், அது மிகை எனப் பிற்கால வரலாற்றாசிரியர் சிலர் மறுப்பர். தொகை எதுவாயினும் ஆகுக. அவர்கள் மாண்ட விதத்தைப் பற்றிக் கருத்து வேறுபாடு இல்லை. வாந்திபேதி கண்டவனின் உடலிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஒரு லீற்றர் வரை நீர் வெளியேறலாம். இழந்த நீரும் உப்பும் திரும்பக் கிடைத்தால் அவன் பிழைப்பான். கிடையாவிடின் அந்த நாளே அவனுக்கு இறுதி நாளாகலாம். கிருமியைக் கண்டறியும் அறிவு அந்நாளில் இல்லை. கொக் என்னும் ஜெர்மானிய அறிஞர் வாந்திபேதிக் கிருமியைக் கல்கத்தாவில் ஆராய்ந்தது 1884 இல். ஆயினும் நிழலில் ஒரு பாய், காய்ச்சி ஆறிய நீர், உப்பிட்ட கஞ்சி, அதனைக் கரண்டி கரண்டியாக ஊட்ட ஒரு கை ஆகிய இவை இருந்திருப்பின், காட்டிற் கிடந்த உயிர்களிற் பல மாத்தளை சேர்ந்திருக்கும்.

இது பின்னறிவினாற் கூறும் வீண் வார்த்தை அன்று. 1971 இல் வங்கப் போரின்போது எல்லை கடந்து வந்த அகதிகளிடையே வாந்திபேதி பரவிற்று. பொங்காவ் என்னும் ஊரில் வைத்தியர் திலீப் மஹலனபிசு அவர்களுக்கு நாளத்தில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோயிற்று. அவர் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரைப் பெருங்கலங்களில் நிரப்பி, நோயாளரின் உறவினர் கையிலேயே குவளையைக் கொடுத்துப் பருக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பதளவாக இருந்த சாவு நான்கிற்கும் கீழே இறங்கிற்று. சர்க்கரையுடன் சேரும்போது குடல் உப்பை உறிஞ்சும். உப்பின் பின்னே நீரும் செல்லும். அவ்வளவே தத்துவம். நம் நாட்டில் ‘ஜீவனி’ என விற்கப்படும் பொதியும் இதுவே. பொதி இல்லாவிடத்து, காய்ச்சி ஆறிய ஒரு லீற்றர் நீரிற் சர்க்கரை ஆறு மட்டத் தேக்கரண்டியும் உப்பு அரை மட்டத் தேக்கரண்டியும் கலந்தாற் போதும். உப்பு மிகுதல் ஆகாது. குழந்தைக்கு அது கேடு.

வடபாதையில் நாளடைவில் அரசினர் தங்குகொட்டகைகளும் கிணறுகளும் சிறு வைத்தியசாலைகளும் அமைத்தனர். இந்தியாவிற் கொள்ளைநோய் தோன்றியபின், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில், அப்பாதை மூடப்பட்டு ஆட்கள் தூத்துக்குடி வழியே கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டனர். 1914 இல் தலைமன்னார்ப் புகையிரதமும் தனுஷ்கோடிக் கப்பலும் தொடங்கியதும் மீண்டும் மன்னாரே வாயிலாயிற்று. அக்கரையிலுள்ள மண்டபம் முகாமில் தொழிலாளரைச் சில நாள் நிறுத்தி, அம்மைப்பால் குத்தி, உடையை ஆவியில் வைத்து, உணவு கொடுத்து அனுப்பினர். நடைப்பாதைச் சாவுகள் இதனால் ஒழிந்தன என்பது உண்மையே. ஆனால் மனிதரை மந்தைபோல் நிறுத்திக் கழுவுதல் பணிவிடை ஆகுமா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

அக்கேள்விக்கு விடை தந்தவர் வெர்ஜினியா ஹென்டர்சன் என்னும் அமெரிக்கத் தாதி. அனைத்துலகத் தாதியர் மன்றத்துக்காக அவர் எழுதிய சிறு நூல் 1960 இல் வெளிவந்தது. தனக்குப் போதிய வலிமையும் மனமும் அறிவும் இருப்பின் ஒருவன் தானே செய்துகொள்ளக்கூடியவற்றை, அவை இல்லாதபோது அவனுக்காகச் செய்தலும், இயன்ற விரைவில் அவன் தானே செய்யும்படி அவனை ஆக்குதலுமே தாதியின் தொழில் என்பது அவர் கொள்கை. அவ்வாறு செய்ய வேண்டியவற்றைப் பதினான்காக வகுத்தார். மூச்சு, உணவும் நீரும், கழிவு, அசைவு, உறக்கம், உடை, உடற்சூடு, தூய்மை, இடரினின்று காப்பு என்னும் ஒன்பதும் உடலுக்குரியன. பின்வரும் ஐந்தே நம்மிற் பலர் நினையாதவை: தன் உணர்ச்சியைப் பிறருக்கு எடுத்துரைத்தல், தன் சமயப்படி வழிபடுதல், பயனுள்ள ஒரு வேலை செய்தல், விளையாடுதல், புதிது கற்றல். நோயாளனும் மனிதன், வயிறு நிறைந்ததும் அவன் தேவை முடிந்துவிடுவதில்லை.

மன்னாரின் அண்மைக்கால வரலாறு இப்பிற்பகுதிக்குச் சான்று. 1964 ஒக்டோபரிற் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்து மன்னாரையும் தாக்கிற்று. பின்னர் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பலில், 1984 இற் சேவை நிற்கும்வரை, மலையகத் தொழிலாளர் குடும்பம் குடும்பமாக ஏற்றப்பட்டனர். அவர்களைச் சுமந்து வந்த புகைவண்டியை மலைநாட்டார் ‘அழுகைக் கோச்சி’ என்றனர். அவர்களிற் பலர் இந்நாட்டிலேயே பிறந்து முதிர்ந்தவர்கள். குடும்பங்கள் இரண்டாய்ப் பிரிந்தன. கையிற் பயணச்சீட்டும் உணவும் இருந்தன. இல்லாமற் போனவை ஹென்டர்சன் அம்மையாரின் பட்டியலில் பத்தாவதும் அதற்கு மேலும் உள்ளவை.

1990 இற் போர் மூண்டபோது மடுத் திருத்தலத்தின் சூழலும் பேசாலையும் அகதிகளின் திறந்த புகலிடங்களாயின. ஐக்கிய நாடுகளின் அகதிகள் அலுவலகம் அவற்றை நடத்திற்று. அவ்வாண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட மன்னார்த் தீவு முஸ்லிம் மக்கள் கடல்வழியாகக் கற்பிட்டிக் கரையிற் போய் ஒதுங்கினர். முதியோரும், கருவுற்றோரும், பிறந்து சில நாளேயான சிசுக்களும் அவர்களுள் இருந்தனர். இடம்பெயர்ந்தோர்க்கென இன்று உலகம் ஒப்புக்கொண்ட அளவுகள் உள்ளன: ஆளொருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் நீர், இருபது பேருக்கு ஒரு மலகூடம். கிணறுகள் உவர்க்கும் மன்னார் போன்ற கரையில் 15 லீற்றர் என்பது எழுதுவதற்கு எளிது. பெண்கள் இருட்டும்வரை மலசலம் அடக்கி, அதற்காகவே நீர் பருகாதிருப்பதும், அதனாற் சிறுநீர் நோய் காண்பதும் முகாம்கள் பலவற்றிற் கண்ட உண்மை. எனவே மறைவான மலகூடமும் மருந்தே. 1999 நவம்பரில் மடு வளவிலேயே எறிகணை வீழ்ந்து, அடைக்கலம் புகுந்தோர் பலர் மாண்டனர். இடரினின்று காத்தல் என்பது தாதியின் கைக்குள் அடங்காத தேவையாகும் நேரமும் உண்டு.

இன்னொரு செய்தியையும் இங்குச் சொல்லிவிடலாம். 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா ஒழிந்த நாடென உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அவ்வாண்டு இறுதியிலேயே, இந்தியப் பட்டினங்களில் மலேரியாவைப் பரப்பும் நுளம்பினம் ஒன்று மன்னார்த் தீவின் கிணறுகளிற் கண்டுபிடிக்கப்பட்டது. நுளம்பு வந்ததேயன்றி நோய் வேரூன்றவில்லை; ஆயினும் கிணற்றைக் கவனியாது விடுதற்கு மன்னார் மக்களுக்கு உரிமையில்லை.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். வடபாதையில் விடப்பட்டவனின் நிலையை ஒத்த நிலையில் இன்று இருப்போர் பலர் நம் ஊர்களில் உள்ளனர். பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்க, பாரிசவாதத்தாற் படுக்கையிற் கிடக்கும் தாய்தந்தையரையே கூறுகிறேன். பணம் மாதந்தோறும் வருகிறது. நல்ல வைத்தியரும் உண்டு. எனினும் முதுகிற் படுக்கைப்புண் கண்டு, அது அழுகி, அதனாலேயே உயிர் துறப்போர் உளர். இப்புண்களிற் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை.

எலும்புக்கும் படுக்கைக்கும் இடையில் நசுங்கும் தோலுக்கு இரத்தம் செல்லாமையே இப்புண்ணின் காரணம். நாரி, இடுப்பெலும்பு, குதிக்கால், முழங்கை என்பனவே முதலிற் கெடுவன. ஆதலின் இரண்டு மணிக்கொருமுறை நோயாளரைப் புரட்டுதல் வேண்டும். முழுதும் பக்கவாட்டிற் கிடத்தாது, முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சற்றே சாய்த்தாற் போதும். குதிக்கால் படுக்கையிற் படாதபடி கெண்டைக்காலின் கீழே தலையணை வைக்க. சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். சிவப்பு மறைந்து மீண்டால் அச்சமில்லை, மறையாது நின்றால் புண் தொடங்கிவிட்டது. அவ்விடத்தை எண்ணெயிட்டுத் தேய்த்தல் நம் பாட்டிமார் வழக்கம். கெட்ட தசையை அது மேலும் கெடுக்கும். காற்றடித்த வளையத்தில் இருத்துவதும் இப்போது கைவிடப்பட்டது. வளையத்தின் விளிம்பே இரத்தத்தைத் தடுக்கிறது. படுக்கை விரிப்பின் சுருக்கம் ஒன்றே ஒரு புண்ணுக்குப் போதும்.

உணவூட்டுதலிற் கவனம் இன்னும் மிகுதியாக வேண்டும். படுத்தபடி ஊட்டிய கஞ்சி மூச்சுக்குழாயிற் சென்று சுவாசப்பையைக் கெடுக்கும். நிமிர்த்தி இருத்தி, நாடியைச் சிறிது தாழ்த்தி, சிறு சிறு கவளமாக, முந்தியதை விழுங்கிய பின்னரே அடுத்ததைக் கொடுத்தல் வேண்டும். உண்டபின் அரைமணி நேரம் இருத்தி வைக்க. முதியோர்க்குத் தாகவுணர்ச்சி குறைவு. அவர்கள் கேளார்; நாமே நினைவூட்டிக் கொடுக்க வேண்டும். சிறுநீரின் நிறம் கடுத்தால் நீர் போதவில்லை என்பது பொருள். உண்ணாதவர்க்கும் வாயைத் துடைத்து ஈரமாக்குதல் ஒரு நாளும் தவறலாகாது.

தமக்குத் தாமே செய்யக்கூடியதை அவரே செய்ய விடுதல் எல்லாவற்றிலும் கடினமானது. ஒரு கை வழங்காத முதியவர் மற்றக் கையாற் கோப்பையைப் பிடித்தால், பாதி சிந்தும், நேரமும் போகும். கூலிக்கு வந்த பணியாளர்க்கும் அவசரத்தில் நிற்கும் மருமகளுக்கும் அது பொறுக்காது. கோப்பையை வாங்கி ஊட்டிவிடுவர். நாலு வாரத்தில் அந்தக் கையும் வழங்காமற் போய்விடும். சிந்திய தேநீரைத் துடைப்பதற்கு ஒரு துணியை அருகில் வைத்துக்கொண்டு, கோப்பையை அவர் கையிலேயே விட்டுப் பார்த்திருத்தல் நலம்.