சிறு செலவில் சென்னை

சென்னை மாநகரைக் காணச் செல்வோர் பலர். அவருள் கையிற் பொருள் குறைந்தோர், அந்நகரின் நலங்களெல்லாம் செல்வர்க்கே உரியன என்று எண்ணிக் கடற்கரையை மட்டும் கண்டு திரும்பிவிடுகின்றனர். அவ்வெண்ணம் தவறானது. அங்குள்ள கலைகளுள்ளும் சுவையான உணவுகளுள்ளும் சிறந்தவை பல, மிகச் சிறிய செலவிலோ செலவின்றியோ கிடைப்பவை. எவ்விடத்தை எந்நேரத்தில் நாடுவது என்று அறிந்திருந்தாற் போதும்.

ஊரைச் சுற்றுதற்கு மின்சார ரயிலே ஏற்றது. கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரத்திற்கு 1931-ஆம் ஆண்டிலேயே அது ஓடத் தொடங்கிற்று. கோட்டை, எழும்பூர், மாம்பலம், கிண்டி ஆகியன அவ்வழியில் உள்ளன. சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் வழியாகச் செல்லும் பறக்கும் ரயில் மற்றொன்று. அலுவலகத்திற்குச் செல்வோர் நெருக்கும் காலை வேளையையும் மாலை வேளையையும் தவிர்த்தால் அமர்ந்தே செல்லலாம்.

எழும்பூரில் இறங்கிச் சிறிது தொலைவு நடந்தால், 1851-இல் தோன்றிய அரசு அருங்காட்சியகத்தை அடையலாம். வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை; அறியாமல் சென்று பூட்டிய கதவைக் கண்டு மீள்வோர் உளர். அனைத்தையும் ஒரே நாளிற் பார்க்க முயல்வோர்க்குக் கால்வலியே மிஞ்சும். முதலிற் செப்புத் திருமேனிகள் உள்ள கூடத்திற்குச் செல்லுதல் நலம். கோயிலில் பட்டும் மாலையும் திருமேனியை மறைத்திருக்கும். ஆதலால் சிற்பியின் கைத்திறனை நாம் முழுதும் காண்பதில்லை. இங்கோ திருவாலங்காட்டு நடராசரின் வீசிய கரத்தையும், திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரின் உருவில் ஆண்மையும் பெண்மையும் இணையும் நெளிவையும் தடையின்றிக் கண்டு மகிழலாம். அவற்றின் முன் அரைமணி நேரம் நிற்பவர், ஆயிரம் பொருள்களைக் கடந்து ஓடுபவரினும் மிகுதியாகக் கண்டவர் ஆவர். கிருட்டிணை ஆற்றங்கரையிலிருந்து வந்த அமராவதிச் சிற்பங்களும் அங்கு உள்ளன. அதே வளாகத்தில் 1896-இல் திறக்கப்பெற்ற கன்னிமரா நூலகம் இருக்கின்றது. இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படிகளைச் சட்டப்படி பெறும் நான்கு நூலகங்களுள் அஃது ஒன்று.

மார்கழித் திங்களிற் செல்வோர்க்கு இசைவிருந்து காத்திருக்கின்றது. 1927-இல் காங்கிரசு மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் பயனாக, அடுத்த ஆண்டில் மியூசிக் அகாதெமி தோன்றிற்று. அதனைப் பின்பற்றி டிசம்பர் மாதத்தில் இசைவிழா நடத்தும் சபைகள் நாளடைவிற் பெருகின. புகழ்பெற்றோர் பாடும் மாலைக் கச்சேரிகளின் சீட்டு விலை மிகுதி. ஆனால் பகல் வேளைகளில் இளங்கலைஞர் பாடும் கச்சேரிகள் பல சபைகளிற் கட்டணமின்றி நடைபெறும். நாளைய பெரும்பாடகரை இன்று முதல் வரிசையில் அமர்ந்து கேட்கும் பேறு அது. மிருதங்கக் கலைஞர் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சிலர் எழுந்து சிற்றுண்டிச் சாலைக்கு விரைவர். இது கலைஞரை அவமதிப்பதாகும். போண்டா சற்றுப் பொறுத்திருக்கும். சபைச் சிற்றுண்டிச் சாலைகள் சுவைக்குப் பெயர் பெற்றவை. எனினும் அங்கு முழுச் சாப்பாடு மலிவானதன்று. ஒரு சிற்றுண்டியும் ஒரு காப்பியும் அளவானவை.

பங்குனித் திங்களில் மயிலைக் கபாலீசுவரர் கோயிலில் அறுபத்துமூவர் விழா நடைபெறும். நாயன்மார் திருவுருவங்கள் மாடவீதிகளில் வலம்வரும் அந்நாளில், ஊரார் தெருவெங்கும் நீர்மோரும் பானகமும் சோறும் வழங்குவர். அன்று பசியோடு திரும்புவோர் அரியர்.

மற்ற நாள்களில் மலிவான உணவுக்குத் திருவல்லிக்கேணியை நாடலாம். வெளியூர்களிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர் தங்கும் மேன்ஷன்கள் நிறைந்த ஊர் அது. அவர்களை நம்பி நடக்கும் மெஸ்கள் விலையை உயர்த்த அஞ்சும். கூட்டம் மிக்க கடையில் பண்டம் தேங்குவதில்லை. ஆகவே உண்பதற்கு அதுவே தக்கது. 2013-இல் மாநகராட்சி அம்மா உணவகங்களைத் தொடங்கியபோது ஓர் இட்டலியின் விலை ஒரு ரூபாய்.

சென்னைக்கே உரிய விந்தையுணவு ஒன்று கடற்கரை நிலையத்தின் அருகே, பர்மா பஜாரை ஒட்டிய தெருக்களிற் கிடைக்கின்றது. தமிழர் பல தலைமுறைகளாகப் பர்மாவில் வணிகமும் கூலிவேலையும் செய்து வாழ்ந்தனர். 1962-இல் அங்கு இராணுவ ஆட்சி ஏற்பட்டது. பின்னர்க் கடைகள் அரசுடைமையாயின. தேடிய பொருளை விட்டுவிட்டுப் பல்லாயிரவர் கப்பலேறித் தாயகம் திரும்பினர். அவர்கள் பிழைப்பதற்கு அமைந்த கடைத்தெருவே பர்மா பஜார். பொருளை இழந்து வந்தவர்கள் சமையலை இழக்கவில்லை. அத்தோ என்பது அவர்கள் கொணர்ந்த உணவு. தடித்த நூடுல்சில் முட்டைக்கோசு, வெங்காயம், வறுத்த பூண்டு, புளிச்சாறு, மிளகாய்த்தூள், நொறுக்கிய பேஜோ ஆகியவற்றைச் சேர்த்துக் கையாற் பிசைந்து தருவர். உடன் வாழைத்தண்டுச் சாறு ஒரு கிண்ணம். அவித்த முட்டையைக் கீறி, வறுத்த வெங்காயமும் பூண்டும் அடைத்துப் புளிச்சாறு ஊற்றித் தருவதும் உண்டு. காரம் தாங்காதோர் பிசையும் முன்பே சொல்லிவிட வேண்டும். பிசைந்தபின் குறைக்க இயலாது. மாலை வேளையே அங்குச் செல்வதற்கு உரியது.