ஒன்பது முத்திரைகள்

ஜப்பானில் மலைகளையே தவச்சாலையாகக் கொண்ட யமாபுஷி என்னும் தவசிகள், அடர்ந்த வனங்களில் தமக்குத் தீங்கு நேராதிருக்கும் பொருட்டு, இரு கை விரல்களைப் பின்னியும் பிரித்தும் ஒன்பது முத்திரைகளை வரிசையாக அமைத்து, முத்திரைக்கு ஓரட்சரமாக ‘ரின், ப்யோ, தோ, ஷா, கை, ஜின், ரெட்சு, ஸாய், ஸென்’ என்று உச்சரிப்பது பன்னெடுங்கால வழக்கம். இக்கிரியைக்குக் குஜி என்று பெயர்.

இதன் மூலம் சீன தேசத்தது. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த தாவோ சமய அறிஞர் கோ ஹொங், மலைகளில் சஞ்சரிப்போர் மனத்துள் ஜபிக்க வேண்டிய ரட்சை மந்திரமாக, போர்வீரர் யாவரும் முன்னே அணிவகுத்து நிற்குமாறு பணிக்கும் ஒன்பதெழுத்து வாக்கியம் ஒன்றைத் தம் நூலில் குறித்து வைத்தார். அங்கே சொல் உண்டு, முத்திரை இல்லை. முத்திரைகளை நல்கியது தாந்திரிக பௌத்தம். காஞ்சியில் பல்லவ மன்னனின் ஆதரவைப் பெற்றிருந்து, பின்னர் கடல் கடந்து 720ஐ ஒட்டிச் சீனம் சேர்ந்த வஜ்ரபோதி ஆசாரியர் அம்மரபை அங்கே வேரூன்றச் செய்தவர்களுள் ஒருவர். அவருடைய சீடர் அமோகவஜ்ரர், அவர் சீடர் ஹுய்குவோ, அவரிடம் உபதேசம் பெற்று 806இல் தாயகம் திரும்பியவர் ஜப்பானியத் துறவி கூக்காய். கைகளைத் தோள்களில் குறுக்காக வைத்துக் கவசம் பூண்டு, விரல் சொடுக்கித் திக்பந்தனம் செய்யும் நம் பூஜாவிதியும் இதற்கு அந்நியமானதன்று.

ஒன்பதில் ஏழாவதாகிய ரெட்சு, இடக்கைச் சுட்டுவிரலை வலக்கை முஷ்டி பற்றிக்கொள்ளும் ஞான முத்திரை. நாரா நகரத்து என்ஜோஜி ஆலயத்தில், சிற்பி உன்கெய் 1176இல் செதுக்கி முடித்த வைரோசன புத்தர் இதனையே தாங்கி அமர்ந்திருக்கிறார்.

முத்திரைகளோடு கிரியை முடிந்துவிடுவதில்லை. வலக்கையின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் நீட்டி வாளாகவும், இடக்கையை இடுப்பருகே உறையாகவும் பாவித்து, அவ்வாளை உருவிக் குறுக்கே ஐந்து, நெடுக்கே நான்கு என மாறி மாறி ஆகாயத்தில் கோடு கிழித்து, மறுபடியும் உறையிலிடுவர். இதில் என் மனத்தைக் கவர்வது, அச்சத்தை எதிர்ப்பதற்குப் புறத்தே ஒரு கருவியையும் நாடாது தேகமே வாளும் உறையும் வேலியுமாகிவிடுவதுதான்.

இந்தக் கட்டக்கோலம் மலையோடு நின்றுவிடவுமில்லை. ஷிமா தீபகற்பத்தில் மூச்சடக்கி மூழ்கிச் சங்கு சிப்பி எடுக்கும் அமா எனப்படும் பெண்கள், கடலின் தீச்சக்திகள் அணுகாதிருக்க இதனைத் தங்கள் தலைத்துணியில் நூலால் தைத்துக்கொள்வார்கள். அதன் அருகிலேயே ஐம்முனை நட்சத்திரம் ஒன்றும் இருக்கும். தொடங்கிய புள்ளிக்கே கோடு வந்து சேர்வதால், மூழ்கியவளும் கரைக்கு மீள்வாள் என்பது அவர்கள் நம்பிக்கை.