மரத்துக்குள் ஒரு குடும்பம்

கரப்பான்பூச்சி என்றதும், விளக்கைப் போட்டவுடன் சமையலறை மேடையின் அடியில் ஓடி ஒளியும் பூச்சியே நம் நினைவுக்கு வரும். உலகில் 4,000-க்கும் மேற்பட்ட கரப்பான் இனங்கள் உள்ளன. வீடுகளை நாடி வருபவை அவற்றுள் மிகச் சிலவே. ஏனையவை காட்டிலும் குகையிலும் தம் போக்கில் வாழ்கின்றன.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் உள்ள அப்பலாச்சியன் மலைக்காடுகளில், விழுந்து மட்கும் மரங்களுக்குள் ஒரு கரப்பான் வாழ்கிறது. அதற்குச் சிறகுகள் இல்லை. அதன் அறிவியல் பெயர் கிரிப்டோசெர்கஸ். 'மறைந்த வால்' என்பது அக்கிரேக்கப் பெயரின் பொருள். தமிழிலும் 'கரப்பு' என்னும் சொல்லுக்கு மறைவு என்ற பொருள் உண்டு என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்க.

இப்பூச்சியின் உணவு மரமே. ஆனால், மரத்தைத் தின்பது எளிது; செரிப்பது அரிது. இதன் குடலில் வாழும் ஒருசெல் உயிரிகளே மரத்திலுள்ள செல்லுலோஸைச் சிதைத்து உணவாக்கித் தருகின்றன. கிளீவ்லாண்ட் என்னும் அறிஞர் இவ்வுயிரிகளை விரிவாக ஆராய்ந்து 1934-ஆம் ஆண்டு நூல் வெளியிட்டார்.

முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சின் குடலில் இவ்வுயிரிகள் இருப்பதில்லை. அது வெண்ணிறமானது, கண்களும் இல்லாதது. தாயும் தந்தையும் தம் பின்குடலிலிருந்து சுரக்கும் நீரை அதற்கு ஊட்டுகின்றன. கேட்பதற்கு அருவருப்பாகத் தோன்றலாம். ஆயினும், ஒருசெல் உயிரிகள் குஞ்சின் குடலைச் சென்றடையும் வழி அதுவே. அது கிடைக்காத குஞ்சு, நாற்புறமும் மரம் சூழ்ந்திருந்தும் பட்டினியால் மடியும்.

மரம் சத்துக் குறைந்த உணவு. ஆதலால், குஞ்சுகள் முழு வளர்ச்சி பெறப் பல ஆண்டுகள் ஆகின்றன. பெற்றோர் இருவரும் மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலுமோ அவற்றுடனேயே தங்கி, சுரங்கத்தைத் தூய்மை செய்து, அயல் பூச்சிகளை விரட்டிக் காக்கின்றன. பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே முறைதான் அவை குஞ்சு பொரிக்கின்றன.

இப்பூச்சியின் நெருங்கிய உறவினரை நீங்கள் அறிவீர்கள். இந்தியில் 'தீமக்' எனப்படும் கறையானே அது! ஆங்கிலத்தில் அதனை வெள்ளை எறும்பு என்று அழைப்பது பிழை. அது எறும்பினம் அன்று. கறையான்கள் கரப்பான் குலத்தைச் சேர்ந்தவையே என்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியக ஆய்வாளர்கள் 2007-இல் மரபணுச் சான்றுகளுடன் எழுதினர். மரந்தின்னும் கறையான்கள் பலவற்றின் குடலிலும் ஒருசெல் உயிரிகள் உள்ளன. அவை தோலுரிக்கும்போதெல்லாம் அவ்வுயிரிகளை இழந்துவிடுகின்றன. மீண்டும் பெறுவதற்குக் கூட்டிலுள்ள மற்றொரு கறையானை நாட வேண்டியுள்ளது.