தோட்டத்துச் சாளையில் தனித்திருப்போர்க்கு அபாய அறிவிப்புக் கருவி

காரமடை வட்டாரத்துக் குடியானவர்களிற் பலர் ஊருக்குள் கூடியிராமல், அவரவர் தோட்டத்திலேயே சாளை அமைத்துக் குடியிருப்பது பழைய வழக்கம். பயிருக்கும் பட்டிக்கும் இது அனுகூலமே. ஆயினும், பிள்ளைகள் வெளியூர்களில் உத்தியோகம் பார்க்க, முதியோர் மட்டும் தோட்டத்தில் தங்கும் இக்காலத்தில், வரப்பில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தவரின் கூப்பாடு அடுத்த தோட்டத்திற்கும் எட்டுவதில்லை. ஈரோடு மாவட்டம் சிவகிரிக்கு அருகே தோட்டத்து வீட்டில் தனித்திருந்த முதிய தம்பதியர் கொலையுண்ட செய்தி, சில நாட்கள் கழித்தே, 2025-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் வெளியே தெரிந்தது.

இத்தகைய சமயங்களில் உதவக்கூடியது உடலில் அணியும் அபாய அறிவிப்புக் கருவியாகும். 1970-களில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் முதியோர்க்கென ஏற்பட்ட இத்தகைய ஏற்பாடு, இப்போது கழுத்துப் பதக்கமாகவும் கைக்கடிகாரமாகவும் கிடைக்கின்றது. பொத்தானை அழுத்தினால், உள்ளேயிருக்கும் சிம் அட்டை வழியாக, முன்னரே பதிந்துள்ள எண்களுக்கு அழைப்புச் செல்லும். இருக்குமிடமும் செய்தியாய்ப் போய்ச்சேரும். அணிந்தவர் விழுந்ததைத் தாமே உணரும் கருவிகளும் உண்டு. ஆப்பிள் கைக்கடிகாரத்தில் 2018-இல் இவ்வசதி சேர்க்கப்பட்டது. விழுந்தவர் ஒரு நிமிஷம் அசைவற்றுக் கிடந்தால் அதுவே உதவிக்கு அழைக்கும்.

வாங்குமுன் தோட்டத்தில் சிக்னல் கிடைப்பதைச் சோதித்தல் அவசியம். மலையடிவாரத்தில் வீட்டு வாசலில் கிடைப்பது கிணற்றடியிலும் மாட்டுக் கொட்டகையிலும் கிடைக்காமற் போகலாம். 2ஜி சேவையில் மட்டும் இயங்கும் கருவிக்கு ஜியோ சிம் உதவாது. நீர் பட்டாலும் கெடாததாயிருத்தல் நலம். குளிக்கும்போது கழற்றி வைத்த கருவி குளியலறையில் வழுக்கி விழுந்தவருக்குப் பயன்படாது.

தனிக் கருவி வாங்க இயலாதோர் கையிலுள்ள கைபேசியையே பயன்படுத்தலாம். மத்திய அரசின் 2016-ஆம் வருஷத்து விதிகளின்படி, சாதாரணக் கைபேசியில் 5 அல்லது 9 என்ற பொத்தானை நெடுநேரம் அழுத்துவதும், திறன்பேசியில் மின்பொத்தானை விரைந்து மும்முறை அழுத்துவதும் அவசர அழைப்பாகும். கைபேசிக்குக் கைபேசி இம்முறை சிறிது மாறுவதால், இளையோரைக் கொண்டு சரிபார்த்துக்கொள்வது நன்று. 112 என்ற எண்ணையும் நேரே அழைக்கலாம்.

எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் மணியடிக்குமேயன்றி ஓடிவந்து தூக்காது. ஆகவே, முதல் எண் பெங்களூரிலிருக்கும் மகனுடையதாக இராமல், அடுத்த தோட்டத்துக்காரருடையதாக இருக்கவேண்டும். அவரிடம் சாவியொன்று இருப்பதும், காவல் நாய் அவரை அறிந்திருப்பதும் நலம். அமாவாசைதோறும் அவரிடம் முன்கூட்டிச் சொல்லி ஒருமுறை அழுத்திப் பார்ப்பது மறவாதிருக்க எளிய வழி.

கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சியாரும், தனித்து வாழும் முதியோர் பெயர்களையும், ஒவ்வொரு சாளைக்கும் செல்லும் இட்டேரி வழியையும் குறித்து வைத்தால், 108 வண்டி இரவில் வழி தேடி நில்லாது. கருவிக்குப் பணம் செலவாகும். இவ்வேற்பாட்டிற்கு அண்டை வீட்டாரின் ஒத்துழைப்பே போதும்.