15,841 பேர் எங்கே போனார்கள்?

2020ஆம் ஆண்டு அக்டோபர் மாதத் தொடக்கத்தில் இங்கிலாந்தின் அன்றாட கொவிட்-19 எண்ணிக்கை திடீரென்று எகிறியது. கிருமி ஒரே இரவில் வேகம் பிடித்துவிட்டதா? இல்லை. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை தொற்று உறுதியான 15,841 பேர் அதுவரை கணக்கில் சேராமலேயே இருந்திருக்கிறார்கள். அவர்களை மொத்தமாகச் சேர்த்ததால் வந்த உயர்வு அது.

அவர்கள் எங்கே போயிருந்தார்கள்? உங்கள் பள்ளிக் கணினியிலும் இருக்கக்கூடிய எக்செல் கோப்புக்குள் நுழைய இடமில்லாமல் வெளியே நின்றிருந்தார்கள்.

ஆய்வுக்கூடங்கள் பரிசோதனை முடிவுகளைச் சாதாரண எழுத்துக் கோப்புகளாக இங்கிலாந்துப் பொதுச் சுகாதார அமைப்புக்கு அனுப்பின. அங்கே ஒரு தானியங்கி நிரல் அவற்றை எடுத்து எக்செல் கோப்புகளில் போட்டது. அந்தக் கோப்புகள் பழைய வகை. ஒன்றில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. இந்த விசித்திர எண் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டுமானால், பதினாறு 2களை ஒன்றோடொன்று பெருக்கிப் பாருங்கள். (புதிய வகைக் கோப்பில் இருபது 2களின் பெருக்கம், அதாவது 1,048,576 வரிசைகள் உண்டு.) ஒருவருடைய முடிவு ஒரே வரிசையில் அடங்காது, பல வரிசைகளை எடுத்துக்கொள்ளும். அதனால் ஒரு கோப்பில் ஏறக்குறைய 1,400 பேர்தான் கொண்டார்கள். மிஞ்சியவர்கள் விடுபட்டுப் போனார்கள். எச்சரிக்கை மணி எதுவும் அடிக்கவில்லை.

விடுபட்டவர்களுக்கு அவரவர் பரிசோதனை முடிவு தெரிவிக்கப்பட்டிருந்தது. ஆனால், தொடர்புகளின் தடமறியும் குழுவுக்கு அவர்களுடைய விவரம் உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. அவர்களோடு ஒன்றாகச் சாப்பிட்டவர்களும் பக்கத்து மேசையில் வேலை பார்த்தவர்களும் ஒன்றும் அறியாமல் வழக்கம்போல் வெளியே நடமாடியிருப்பார்கள். வார்விக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னர் இதை ஆராய்ந்தார்கள். விடுபட்டவர்கள் அதிகம் இருந்த வட்டாரங்களில் அடுத்து வந்த வாரங்களில் தொற்றும் மரணமும் மற்ற இடங்களைவிடக் கூடுதலாக இருந்ததைக் கண்டார்கள்.

இதில் மருத்துவர்கள் தவறு செய்யவில்லை. ஆய்வுக்கூடத்துப் பரிசோதனையிலும் பிழையில்லை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தகவல் போகும் வழியில்தான் ஓட்டை. அந்த வழியை அமைத்து, கண்காணித்து, பழுது பார்ப்பவரே தரவுப் பொறியாளர். தரவு அறிவியலாளர் என்று இன்னொருவரைப் பற்றியும் நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். வரைபடம் போட்டு, அடுத்த மாதம் என்ன நடக்கும் என்று கணிப்பவர் அவர். பாராட்டு பெரும்பாலும் அவருக்குத்தான் போகிறது. பொறியாளரோ குழாய் பழுது பார்ப்பவரைப் போல. வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வரும்வரை யாருக்கும் அவர் நினைவு வருவதில்லை.

இனி சிங்கப்பூருக்கு வருவோம். பலதுறை மருந்தகம் ஒன்றில் ரத்தப் பரிசோதனைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறு குழலில் ரத்தம் எடுத்து, அதன்மேல் பட்டைக்கோடு ஒட்டுகிறார்கள். ஆய்வுக்கூட இயந்திரம் அதைப் படிக்கிறது. முடிவு மருத்துவரின் கணினிக்குப் போகிறது. வேறொரு மருத்துவமனைக்கு நீங்கள் போனாலும் உங்கள் முக்கிய விவரங்களைப் பார்க்க உதவும் தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவேடு 2011ஆம் ஆண்டிலிருந்து இங்கு இருக்கிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஏதாவது தவற வாய்ப்புண்டு.

தவறியதை எப்படிக் கண்டுபிடிப்பது? பள்ளிச் சுற்றுலாவில் ஆசிரியர் செய்வதைத்தான் பொறியாளரும் செய்கிறார். பேருந்தில் ஏறும்போது 38 பேர், திரும்பும்போதும் 38 பேர் இருக்க வேண்டும். அனுப்பியவை எத்தனை, வந்து சேர்ந்தவை எத்தனை? ஒன்று குறைந்தாலும் நிரல் நின்று ஆளைக் கூப்பிட வேண்டும். இங்கிலாந்தில் எல்லாக் கோப்புகளுக்கும் இந்தக் கணக்கு போடப்பட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் போதாது. முடிவு உரியவரிடம்தான் போயிற்றா என்றும் பார்க்க வேண்டும். இதில் நம் பெயர்கள் கணினியைப் படுத்தும் பாடு உங்களுக்குத் தெரிந்ததே. லட்சுமி, லெட்சுமி, லக்ஷ்மி என்று ஒரே பெயரை ஆங்கிலத்தில் பலவிதமாக எழுதுகிறோம். ‘எஸ்/ஓ’ சில பதிவுகளில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. குடும்பப் பெயர் கட்டாயம் என்று ஒரு படிவம் அடம்பிடித்தால் அப்பாவின் பெயர் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். ஆக, ஒரே பெண்மணி கணினிக்கு மூன்று பேராகத் தெரியலாம். ஒரு பதிவில் பெனிசிலின் ஒவ்வாமை என்று குறித்திருக்கும், மற்ற இரண்டில் இருக்காது. எந்தப் பதிவை மருத்துவர் திறக்கிறார் என்பதைப் பொறுத்து அது உயிர் பிரச்சினை.

அதனால்தான் பெயரைவிட அடையாள அட்டை எண்ணை நம்புகிறார்கள். அதன் முடிவில் வரும் ஆங்கில எழுத்து அலங்காரத்துக்கு அல்ல. ‘எஸ்’ எழுத்தில் தொடங்கும் எண்களில், ஏழு இலக்கங்களையும் வரிசையாக 2, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்து, வரும் மீதிக்கு ஏற்ப அந்த எழுத்து அமைகிறது. 1234567 என்று வைத்துப் பாருங்கள். கூட்டுத்தொகை 106, மீதி 7. அவசரத்தில் ஒருவர் 5ஐயும் 6ஐயும் இடம் மாற்றித் தட்டினால் கூட்டுத்தொகை 107, மீதி 8. எழுத்து பொருந்தாது, கணினி உடனே பிடித்துவிடும். ஓர் இலக்கம் மாறினாலும், அடுத்தடுத்த இரு வெவ்வேறு இலக்கங்கள் இடம் மாறினாலும் மீதி கட்டாயம் மாறும். 11 பகா எண்ணாக இருப்பது இதற்கு உதவுகிறது. ஏன் என்று கணித ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். ஆனால், பக்கத்தில் நிற்பவரின் அட்டையை மாற்றிக் கொடுத்துவிட்டால் இந்தச் சோதனை பலிக்காது. எனவே பிறந்த தேதியையும் ஒப்பிடுவார்கள்.

அலகு இன்னொரு கண்ணி. ரத்தச் சர்க்கரையைச் சிங்கப்பூரில் லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்கிறோம். இந்தியாவில் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்பார்கள். குளுக்கோஸின் மோலார் நிறை 180 கிராம் என்பதால், இங்கே 7 என்றால் அங்கே 126. சென்னையில் பரிசோதித்துக்கொண்ட தாத்தாவின் முடிவை அலகு பார்க்காமல் அப்படியே பதிந்தால், உயிருக்கே ஆபத்தான அளவு சர்க்கரை அவருக்கு இருப்பதாகக் கணினி சொல்லும். காலியான கட்டத்தைப் பூஜ்யம் என்று நிரப்புவதும் இதே வகைத் தவறு. ‘அளக்கவில்லை’ என்பதும் ‘அளந்தோம், ஒன்றுமில்லை’ என்பதும் ஒன்றாகிவிடாது.

இவ்வளவு விவரங்களை ஓரிடத்தில் சேர்ப்பதில் ஆபத்தும் உண்டு. 2018ஆம் ஆண்டு சிங்ஹெல்த் மீது நடந்த இணையத் தாக்குதலில் சுமார் 1.5 மில்லியன் நோயாளிகளின் தனிப்பட்ட விவரங்கள் திருடப்பட்டன. அவர்களில் ஏறத்தாழ 160,000 பேருக்கு வழங்கப்பட்ட மருந்துகளின் விவரமும் அதில் சேரும். ஆகவே ஆய்வுக்குத் தரவைக் கொடுக்கும் முன் பெயரையும் அடையாள எண்ணையும் நீக்கி, அந்த இடத்தில் ஒரு குறியீட்டை வைக்கிறார்கள். அதுவும் முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. அரிய நோய், பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு மூன்றும் சேர்ந்தாலே ஆள் யார் என்று ஊகித்துவிடலாம்.

புதிய நிரலைச் சோதிக்கவும் உண்மையான நோயாளிகளைத் தொடுவது நல்லதல்ல. எனவே பொறியாளர்கள் கற்பனை நோயாளிகளைப் படைக்கிறார்கள். வேலையிலேயே எனக்குப் பிடித்த பகுதி இது. நிரலைத் திணறடிக்க வேண்டும் என்பதே நோக்கம் என்பதால், இந்த நோயாளிகள் கொஞ்சம் வில்லங்கமானவர்கள். பிப்ரவரி 29இல் பிறந்தவர், 104 வயதுப் பாட்டி, இன்னும் பெயர் வைக்காத குழந்தை, குடும்பப் பெயரே இல்லாதவர், ஒரே நாளில் இரண்டு மருந்தகங்களில் ரத்தம் கொடுத்தவர். இந்தப் பட்டியலில் வேறு யாரைச் சேர்க்கலாம் என்று நீங்களும் யோசித்துப் பாருங்கள்.